மலை மிதிவண்டியின் முன் டயர்

மலை மிதிவண்டியின் முன் டயர் என்பது, மலைச்சரிவுகளிலும் காட்டுத் தடங்களிலும் ஓட்டப்படும் மிதிவண்டியின் முன் சக்கரத்தில் பொருத்தப்படும், புடைத்த குமிழ்களை உடைய இரப்பர் டயர் ஆகும். வண்டியைத் திருப்புவதும், இறக்கத்தில் வேகத்தைக் குறைப்பதும் பெரும்பாலும் இந்த டயரின் பிடிப்பைச் சார்ந்தவை. சாலை மிதிவண்டிகளில் இரு சக்கரங்களுக்கும் ஒரே வகை டயரைப் போடுவது வழக்கம். மலை மிதிவண்டியில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று எனத் தனித்தனியே தேர்ந்தெடுப்பது பரவலாகக் காணப்படுகிறது. பின் சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் பெரும்பாலும் சமாளித்துக்கொள்கிறார். முன் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் விழுந்துவிடுகிறார் என்பதே இதற்குக் காரணம்.

எல்லாத் தரைகளுக்கும் பொருந்தும் முன் டயர் என்று ஒன்று இல்லை. சேற்றில் நன்கு பிடிக்கும் டயர் ஈரப் பாறையில் வழுக்கக்கூடும். இறுகிய மண்ணில் விரைந்து ஓடும் டயர் உதிரிமண் வளைவில் கைவிட்டுவிடக்கூடும். எனவே முன் டயரைத் தேர்ந்தெடுப்பது தடத்தின் தன்மையை அறிவதிலிருந்தே தொடங்குகிறது.

முன் டயரின் பணி

இருசக்கர வண்டி சாயும்போது, முன் சக்கரத்தைச் சாயும் பக்கம் சற்றுத் திருப்பி, சக்கரங்களை மீண்டும் உடலின் ஈர்ப்பு மையத்திற்குக் கீழே கொண்டுவருவதன் மூலமே ஓட்டுநர் சமநிலையைப் பேணுகிறார். ஓட்டும்போது கை தன்னையறியாமல் இதைச் செய்துகொண்டே இருக்கிறது. முன் டயர் பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கியதும் இந்தத் திருத்தம் பயனற்றுப் போகிறது. ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் சக்கரம் உடலுக்குக் கீழே வராது. வீழ்ச்சி ஒரு நொடிக்குள் நிகழ்வதால் கையை ஊன்றியோ தோளில் மோதியோ விழ நேர்கிறது. மலை மிதிவண்டி ஓட்டுநர்களிடையே காரை எலும்பு முறிவு மிகுதியாகக் காணப்படுவதற்கு இவ்வகை வீழ்ச்சிகளும் ஒரு காரணமாகும். பின் டயர் வழுக்கும்போது நிலைமை வேறு. வண்டியின் பின்பகுதி மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கும். முன் சக்கரத்தின் பிடிப்பு மாறாமல் இருப்பதால் அதை எதிர்ப்பக்கம் திருப்பி ஓட்டுநர் நேராகிவிடலாம். தேர்ந்த ஓட்டுநர்கள் வளைவுகளில் பின் சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிடுவதும் உண்டு.

இரண்டாவது காரணம் பிரேக் சார்ந்தது. வேகம் குறையும்போது எடை முன்னோக்கி நகர்கிறது. ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ எடை, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரம், இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1.2 மீட்டர் தூரம் எனக் கொள்வோம். சமதரையில் முன் சக்கரம் தாங்கும் சுமை 40 கிலோ என்றால், புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.4 மடங்கு வீதத்தில் வேகத்தைக் குறைக்கும்போது மேலும் 33 கிலோ முன்னே மாறுகிறது. அதாவது முன் டயர் 73 கிலோவையும் பின் டயர் 17 கிலோவையும் தாங்கும். இறக்கத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். சுமை குறைந்த பின் டயர் எளிதில் பூட்டிக்கொண்டு இழுபடுவதும், உண்மையில் வண்டியை நிறுத்துவது முன் டயராக இருப்பதும் இதனால்தான்.

மிதித்து ஏறும்போது நிலைமை தலைகீழாகிறது. எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தில் விழுவதால், உருள்தடையால் ஏற்படும் ஆற்றல் இழப்பும் தேய்மானமும் பின் டயரிலேயே அதிகம். ஆகவே பிடிப்பு மிகுந்த, ஆனால் மெதுவாக உருளும் டயரை முன்னே போடுவதால் இழக்கும் வேகம், அதையே பின்னே போட்டால் இழக்கும் வேகத்தைவிடக் குறைவு. முன்னே பிடிப்பும் பின்னே வேகமும் என்ற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததாகும்.

வரலாறு

மலை மிதிவண்டி விளையாட்டின் தொடக்க இடங்களில் முதன்மையானது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மாரின் கவுண்டியிலுள்ள டாமல்பைஸ் மலைப் பகுதி. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் 1930, 1940களில் உருவான பழைய ஷ்வின் மிதிவண்டிகளைத் தேடிப்பிடித்து மலையிறக்கத்தில் ஓட்டினர். ஷ்வின் நிறுவனம் 1933இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த 2.125 அங்குல அகல 'பலூன்' டயர் அந்த வண்டிகளில் இருந்ததே அவற்றை நாடியதற்கு முக்கியக் காரணம். மெல்லிய டயர் கொண்ட பந்தய மிதிவண்டி அந்தத் தடத்தில் தாங்கியிராது. 1976 அக்டோபர் 21 அன்று முதன்முறை நடந்த 'ரீபேக்' இறக்கப் பந்தயம் இப்பகுதியிலேயே நடைபெற்றது. பின் சக்கர அச்சிலுள்ள பிரேக், இறக்கத்தின் முடிவில் சூடேறிக் கிரீஸ் எரிந்து புகைந்ததால், ஒவ்வொரு முறையும் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. பந்தயத்தின் பெயர் அதிலிருந்தே வந்தது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி, டாம் ரிச்சி ஆகியோர் இக்காலத்தைச் சேர்ந்தவர்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் 'ஸ்டம்ப்ஜம்பர்' பெருமளவில் தயாரிக்கப்பட்ட மலை மிதிவண்டியாக வெளிவந்தது.

தொடக்கத்தில் இரு சக்கரங்களிலும் ஒரே டயர்தான் இருந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு குமிழ் அமைப்பு வேண்டும் என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. ஜப்பானின் பானரேசர் நிறுவனம் முன் சக்கரத்துக்கு 'டார்ட்', பின் சக்கரத்துக்கு 'ஸ்மோக்' என இணையாக விற்ற டயர்கள் 1990களில் பெரும் புகழ் பெற்றிருந்தன. சில நிறுவனங்கள் ஒரே டயரின் பக்கவாட்டில் இரண்டு அம்புக்குறிகளைப் பொறித்து, முன்னே போட்டால் ஒரு திசையிலும் பின்னே போட்டால் எதிர்த்திசையிலும் பொருத்துமாறு கூறின.

1999இல் மாவிக், மிஷ்லன், ஹட்சின்சன் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்கள் கொண்டுவந்த ட்யூப் இல்லாத டயர் முறை, காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவதற்கு வழிவகுத்தது. 2000களின் தொடக்கத்தில் தைவானின் மாக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட 'மின்யன் டிஎச்எஃப்' இன்றளவும் முன் டயர்களை ஒப்பிடுவதற்கு அளவுகோலாக விளங்குகிறது. பெயரின் கடைசி எழுத்து 'முன்' என்பதைக் குறிப்பதாகும். ஆயினும் பலர் இதைப் பின் சக்கரத்திலும் போட்டுக்கொண்டனர். 2018இல் தென்னாப்பிரிக்க வீரர் கிரெக் மின்னாரின் பங்களிப்புடன் அதே நிறுவனம் 'அசெகாய்' என்ற டயரை வெளியிட்டது. அசெகாய் என்பது தென்னாப்பிரிக்கப் போர்வீரர்கள் ஏந்திய ஈட்டியின் பெயர்.

குமிழ்களின் அமைப்பு

டயரின் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் இரப்பர் கட்டிகளே குமிழ்கள். அவற்றை மூன்று வரிசைகளாகப் பிரிக்கலாம். நேராகச் செல்லும்போது தரையைத் தொடுபவை நடுக்குமிழ்கள். வண்டி நன்கு சாய்ந்தபின் தரையைப் பற்றுபவை ஓரக்குமிழ்கள். இவ்விரண்டுக்கும் நடுவே இருப்பவை இடைக்குமிழ்கள்.

நடுக்குமிழின் இரு விளிம்புகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சக்கரம் சுழலும்போது முதலில் தரையைத் தொடும் விளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருந்தால் டயர் எளிதில் உருளும். கடைசியாகத் தரையை விட்டு நீங்கும் விளிம்பு செங்குத்தாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது மண்ணில் ஊன்றிக்கொள்ளும். முன் சக்கரம் வண்டியை உந்துவதில்லை. எனவே முன்விளிம்பைச் சரிவாக்குவதால் அதற்கு இழப்பு ஏதுமில்லை. அம்புக்குறியைக் கவனியாமல் டயரைத் தலைகீழாகப் பொருத்தினால் இந்தப் பயன் கெட்டு, உருள்தடை கூடிப் பிரேக் பிடிப்பும் குறையும்.

ஓரக்குமிழ்கள் முன் டயரின் உயிர்நாடி எனலாம். வளைவில் வண்டியின் பக்கவாட்டு விசை முழுவதையும் இவையே தாங்குகின்றன. இவை மெல்லியனவாக இருந்தால் விசையில் மடங்கி, திடீரென வழுக்கும். அடிப்பகுதி அகன்று, வெளிப்புறம் தாங்குகட்டையுடன் அமைந்த ஓரக்குமிழ்களே நம்பத்தக்கவை.

இடைக்குமிழ்களைப் பொறுத்தவரை இருவகைக் கருத்துகள் உள்ளன. மின்யன் டிஎச்எஃப் டயரில் நடுக்குமிழ்களுக்கும் ஓரக்குமிழ்களுக்கும் இடையே தெளிவான வெற்றுப் பள்ளம் காணப்படும். வண்டியைத் தயங்காமல் சாய்த்தால் ஓரக்குமிழ்கள் சட்டெனப் பற்றிக்கொள்ளும். அரைகுறையாகச் சாய்த்தால் எந்த வரிசையும் முழுமையாகத் தரையைத் தொடாத ஒரு நிலை ஏற்படும். அசெகாய் டயரில் இப்பள்ளம் குமிழ்களால் நிரப்பப்பட்டுள்ளது. எந்தச் சாய்விலும் ஓரளவு சீரான பிடிப்பு கிடைப்பதால் புதிய ஓட்டுநர்களுக்கு இவ்வகை ஏற்றது. ஆனால் குமிழ்கள் மிகுதியாதலால் உருள்தடையும் மிகுதி.

இரப்பர் கலவையும் உறையும்

இரப்பரின் கடினத்தன்மை ஷோர் ஏ அளவுகோலில் குறிக்கப்படுகிறது. 60 அல்லது அதற்கு மேற்பட்டது கடினம். 42 முதல் 50 வரையுள்ளது மென்மை. மென்மையான இரப்பர் பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் பிதுங்கிப் பற்றிக்கொள்கிறது. மேலும் அது அழுங்கிய பின் மெதுவாகவே பழைய வடிவுக்குத் திரும்புவதால் கல்லில் மோதித் துள்ளாமல் தரையோடு ஒட்டிச் செல்கிறது. அழுக்கச் செலவழித்த ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைக்காததால் அதுவே உருள்தடையாகவும் மாறுகிறது. பிடிப்பும் தடையும் ஒரே பண்பின் இரு முகங்கள் ஆதலால் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெறுதல் அரிது.

இந்த இக்கட்டைத் தணிக்க, அடியில் கடினமான கலவையும் மேலே மென்மையான கலவையுமாகப் பல கலவைகளை ஒரே டயரில் அமைக்கின்றனர். ஒரே டயர் பல கலவைகளில் விற்கப்படுவதும் உண்டு. ஜெர்மனியின் ஷ்வால்பே நிறுவனம் 2017இல் கொண்டுவந்த 'அடிக்ஸ்' வரிசையில் கலவைகள் டயரின் நடுவே ஓடும் வண்ணக் கோட்டால் அடையாளம் காணப்பட்டன. சிவப்பு விரைவுக்கும் ஊதா மிகுந்த மென்மைக்கும் உரியவை. குளிர்காலத்தில் உறைநிலைக்கு அருகில் சில கலவைகள் விறைத்துவிடுகின்றன என்பதையும் கருத வேண்டும்.

டயரின் உள்ளிருக்கும் நூலிழை உறை மெல்லியதாக இருந்தால் டயர் இலேசாக இருக்கும். தடித்ததாக இருந்தால் கூரிய கல்லையும் தாங்கும். 29 அங்குலச் சக்கரத்துக்கான 2.5 அங்குல முன் டயர் பொதுப்பயன் உறையுடன் சுமார் 1 கிலோ எடையும், மலையிறக்கப் பந்தய உறையுடன் சுமார் 1.3 கிலோ எடையும் இருக்கும். பின் சக்கரமே கற்களில் பலமாக மோதுவதால், முன்னே ஒரு படி மெல்லிய உறையைப் போட்டு எடையைக் குறைப்போர் பலர். இலேசான உறையில் மென்மையான கலவை என்பது முன் டயருக்குப் பொதுவாக நல்ல இணை.

தடத்தின் தன்மைக்கேற்ற தேர்வு

இறுகிய உலர்ந்த மண்ணில் குமிழ்கள் தரைக்குள் புக முடியாது. தரையைத் தொடும் இரப்பரின் பரப்பே பிடிப்பைத் தருகிறது. எனவே தாழ்ந்த, நெருக்கமான குமிழ்களை உடைய டயர் போதுமானது. உயரமான குமிழ்கள் இங்கு மடங்கி நெளிவதால் வண்டி மிதப்பது போன்ற உணர்வு தோன்றும். இத்தகைய தடத்திலும் ஓரக்குமிழ்கள் சற்று வலுவாக இருப்பது நலம்.

இறுகிய தரைமேல் உதிரிமண் பரவிய தடமே ஓட்டுநரைப் பெரிதும் ஏமாற்றுவது. கோடையில் கலிபோர்னியத் தடங்கள் பல இப்படித்தான் இருக்கும். சிதைந்த கருங்கல்லின் சிறு துகள்கள் கடினமான தரையின்மேல் உருண்டைக் குண்டுகள்போல் கிடக்கும். குட்டையான குமிழ்கள் துகள்களின்மேல் மிதந்துவிடும். குமிழ்கள் துகள் அடுக்கைத் துளைத்து அடித்தரையைத் தொடும் அளவு உயரமாகவும், தொட்டபின் மடங்காத அளவு தடிப்பாகவும் இருக்க வேண்டும். குமிழ்களுக்கிடையே துகள் ஒதுங்க இடமும் தேவை. மின்யன் டிஎச்எஃப் போன்ற டயர்கள் புகழ்பெற்றது இவ்வகைத் தரையிலும்தான்.

இலைமக்கு நிறைந்த மென்மையான காட்டு மண்ணில் ஏறத்தாழ எந்த நல்ல குமிழ் டயரும் பிடிக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணக் காட்டுத் தடங்கள் இத்தகைய மண்ணுக்குப் பெயர்பெற்றவை. அதே காடுகளில் மழைக்குப்பின் வெளித்தெரியும் வேர்களும் பாறைகளும்தான் சிக்கல்.

ஆழ்ந்த சேற்றில் உயரமான, கூரிய, தொலைவாக இடைவெளி விட்ட குமிழ்கள் வேண்டும். அவை மேற்சேற்றைக் குத்தி அடியிலுள்ள உறுதியான மண்ணைப் பற்றுகின்றன. சக்கரம் சுழலும்போது இடைவெளியிலுள்ள சேறு தானே உதிர்ந்துவிடுகிறது. நெருக்கமான குமிழ்களில் சேறு அடைத்துக்கொண்டால் டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். பின்பு அதன் விலை என்னவாயினும் பயனில்லை. சேற்று டயர்கள் சற்றே குறுகலாக இருப்பதும் கீழே வெட்டி இறங்குவதற்காகவே. முன் கவைக்கும் டயருக்கும் இடையே சேறு அடைக்காமல் இருக்கவும் இது உதவுகிறது.

ஈரப் பாறையிலும் ஈர வேரிலும் சேற்று டயரின் நற்பண்புகளே தீங்காகின்றன. குமிழ் எதுவும் பாறைக்குள் புகாது. கூரிய நுனிகள் சிலவே பாறையைத் தொடுவதால் தொடுபரப்பு குறைந்து, உயரமான குமிழ்கள் பக்கவாட்டில் வளைந்து, சக்கரம் முன்னறிவிப்பின்றி விலகுகிறது. இங்கு வேண்டுவது மென்மையான கலவையும், நடுத்தர உயரக் குமிழ்களும், குறைந்த காற்றழுத்தமும் ஆகும். குமிழ்களின்மேல் கீறப்பட்ட நுண்ணிய வெட்டுகள் அவற்றை வளையச் செய்து கூடுதல் விளிம்புகளைத் தருகின்றன. ஆனால் பெரும்பாலான மழைக்காலத் தடங்களில் சேறும் பாறையும் வேரும் மாறிமாறி வருகின்றன. இதனால் மலையிறக்கப் பந்தயங்களில் பணிமனையாளர்கள் சேற்று டயரின் நடுக்குமிழ்களைக் கத்தரித்துக் குட்டையாக்கி, ஓரக்குமிழ்களை அப்படியே விட்டுவிடும் வழக்கம் தோன்றியது. பின்னர் நிறுவனங்களே ஏறத்தாழ அந்த உயரத்தில் டயர்களைச் செய்து விற்கத் தொடங்கின. பொழுதுபோக்காக ஓட்டுவோர், தடத்தில் எது மிகுதி என்பதைவிட எந்த இடத்தில் வழுக்கினால் ஆபத்து மிகுதி என்பதை எண்ணித் தேர்வது தக்கது. சமவெளிச் சேற்றில் வழுக்கி விழுவதும் பாறைச் சரிவில் வழுக்கி விழுவதும் ஒன்றல்ல.

மணலில் குறுகிய முன் டயர் ஏர்போல் உழுது புதையும். குமிழ்களின் வடிவத்தைவிட அகலமும் குறைந்த அழுத்தமுமே இங்கு உதவும். பனியில் இதே கோட்பாடு இன்னும் விரிந்து, 4 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள டயர்களைக் கொண்ட தடித்த மிதிவண்டிகள் உருவாயின. இறுகிய பனிக்கட்டியில் எந்த இரப்பரும் போதாது. கார்பைடு முனையுள்ள சிறு ஆணிகள் பதித்த டயர் தேவை. ஆணி டயர் ஒன்றுதான் வாங்க இயலும் என்றால் அதை முன் சக்கரத்தில் போடுவதே முறை.

அகலமும் காற்றழுத்தமும்

டயரின் பக்கவாட்டில் 61-622 என்பது போன்ற குறியீடு காணப்படும். முதல் எண் அகலத்தையும், இரண்டாவது எண் டயர் ரிம்மில் அமரும் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன. 622 என்பது 29 அங்குலச் சக்கரம். 584 என்பது 27.5 அங்குலம், 559 என்பது பழைய 26 அங்குலம். 61 மில்லிமீட்டர் ஏறத்தாழ 2.4 அங்குலமாகும். முன்னே 2.5, பின்னே 2.4 அங்குலம் போல முன் டயரைச் சற்று அகலமாக வைத்துக்கொள்வது வழக்கம். சுமார் 30 மில்லிமீட்டர் உள் அகலமுள்ள ரிம் இவற்றுக்கு ஏற்றது. மிகக் குறுகிய ரிம்மில் டயர் மின்விளக்குக் குமிழ்போல் உப்பி நெளியும். மிக அகன்ற ரிம்மில் டயரின் மேற்பரப்பு தட்டையாகி ஓரக்குமிழ்களின் கோணம் மாறிவிடும்.

தவறான அழுத்தத்தில் மிகச் சிறந்த டயரும் மோசமாகவே நடந்துகொள்ளும். அழுத்தம் கூடினால் டயர் கல்லின்மேல் துள்ளும். குறைந்தால் வளைவில் பக்கவாட்டில் மடங்கும், ரிம் கல்லில் மோதும். ட்யூப் உள்ள டயரில் அப்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரு துளைகளுடன் பஞ்சராகும். ட்யூப் இல்லாத 2.4 அங்குல டயரில், 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் முன்னே 20 முதல் 23 பிஎஸ்ஐ வரை அடித்துத் தொடங்கலாம். பின்னே அதைவிட 2 அல்லது 3 பிஎஸ்ஐ கூடுதலாக வைப்பது வழக்கம். பின்னர் ஒவ்வொரு பிஎஸ்ஐ ஆகக் குறைத்துப் பார்த்து, டயர் மடங்குவது தெரிந்ததும் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். ஈரத் தடத்தில் ஓரிரு பிஎஸ்ஐ குறைப்பது பிடிப்பைக் கூட்டும். பம்பிலுள்ள அளவிகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் எப்போதும் ஒரே அளவியைப் பயன்படுத்துவது நல்லது.

தேய்மானமும் மாற்றமும்

முன் டயர் மெதுவாகத் தேய்வதால் அதன் நிலை கவனிக்கப்படாமல் போவதுண்டு. நடுக்குமிழ்கள் புதியனபோல் தோன்றும்போதே ஓரக்குமிழ்களின் அடியில் வெடிப்புகள் தோன்றியிருக்கலாம். விரலால் வளைத்துப் பார்த்தால் அவை தெரியும். கிழியத் தொடங்கிய ஓரக்குமிழ் வளைவின் நடுவே பிய்ந்துபோகக்கூடும். பல ஆண்டுகள் கிடந்த டயரின் இரப்பர் பயன்படுத்தாமலேயே இறுகிப்போவதும் உண்டு.

பின் டயர் தேய்ந்ததும் புதிய டயரை அந்த இடத்திலேயே பொருத்துவது எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்தால் பழைய டயர் முன்னேயே தங்கிவிடும். அனுபவமுள்ளோர் முன் டயர் பின்னே போடத்தக்கதாக இருந்தால் அதைப் பின்னே மாற்றி, புதியதை முன்னே பொருத்துகின்றனர்.